சுருள் மக்கரோனிக்கு என்ன குழம்பு சேரும்? உங்க அனுபவத்த எழுதுங்க

கித்தாக்காட்டு பொண்ணு:

மலேசியாவுல பேராக் பக்கம் நம்ம சுங்கை சிப்புட்ல இருக்கவங்க, இங்கேர்ந்து ஈப்போ, கேஎல் (கோலாலம்பூர்)னு போய் செட்டில் ஆனவங்க எல்லாரும் வாங்க. இந்த சுருள் மக்கரோனி, அதான் பாக்கெட்டுல ஃபுசிலின்னு போட்டிருக்குமே, அத உங்க வீட்டுல என்ன குழம்போட சாப்புடுறீங்க, எது நல்லா ஒட்டுது, எது வழுக்கிக்கிட்டு தட்டுக்கு அடியில போய் நிக்குதுன்னு எழுதுங்க. டவுன்ல நான் போற மினி மார்க்கெட்டுல ஒரு தட்டு முழுக்க சுருள்தான் அடுக்கியிருக்கு, பிள்ளைங்களுக்கு முள்ளுக்கரண்டியில குத்த ஈசி, ஸ்பெகட்டி மாதிரி சட்டையில அடிக்காது. ஆனா சாஸுன்னு வந்தா எல்லாரும் அந்த போத்தல் சாஸுலதான் போய் நிக்கிறாங்க. இனிப்பு. எனக்கு பிடிக்கல.

நானே ஆரம்பிக்கிறேன். எங்க மாமியாரு பால்மரம் வெட்டுனவங்க, விடியுமுன்ன சமைச்சு டிப்பன்ல கட்டிக்கிட்டு போன கை. அவங்க நெத்திலி சம்பலுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான், எண்ணெய் பிரிஞ்சு மேல வந்து நிக்கணும், அது வரைக்கும் அடுப்ப விட்டு நகர மாட்டாங்க. மலாய்க்காரங்களும் அதத்தான் பெச்சா மிஞ்ஞாக்னு சொல்வாங்க. நாசி லெமாக்குக்கு, அதான் தேங்காப்பால் சோத்துக்கு, அந்த சம்பல் தங்கம், பேச்சே இல்ல. அதையே சுருள் மேல ஊத்தி பாருங்க. எண்ணெய் முதல்ல போய் பாஸ்தாவ மூடிக்கும், அதுக்கப்புறம் மிளகா விழுது அதுல நிக்காது, நெத்திலி ஒரு பக்கம், வெங்காயம் ஒரு பக்கம், கடைசில தட்டுல செவப்பு குளம்.

இப்ப நான் செய்றது என்னன்னா, சம்பல் ரெடி ஆனதும் மாமியாருக்கு நாசி லெமாக்குக்கு வேணுங்கறத தனியா எடுத்து வச்சிட்டு, மிச்சம் குவாலில (வாணலியில) இருக்கறதுல பாஸ்தா வெந்த தண்ணி ஒரு கரண்டி ஊத்துவேன், அந்த வெள்ளையா கலங்குன தண்ணி, தீய கூட்டி விட்டு பாஸ்தாவையும் போட்டு ஆட்டிக்கிட்டே இருந்தா ஒரு ரெண்டு நிமிஷத்துல பிரிஞ்ச எண்ணெய் திரும்ப உள்ள போயிடும், சாஸ் பளபளன்னு கெட்டியா சுருள சுத்தி நிக்கும். அதாவது நம்ம ஆளுங்க படாதபாடு பட்டு எத பிரிக்கிறாங்களோ அத நாம திரும்ப சேக்குறோம். மாமியாரு இன்னும் ஒத்துக்கல. நல்ல சம்பல்ல தண்ணி ஊத்துறியே உனக்கு என்ன வந்துச்சுன்னு கேக்குறாங்க.

உங்க வீட்டுல எப்படி?

கேண்டீன் அக்கா:

பொண்ணு சொன்னது சரிதான்மா. ஆனா அந்த தண்ணி வேலை செய்யணும்னா வேக வைக்கிறது ஒழுங்கா இருக்கணும். நான் ஸ்கூல் கேண்டீன் எடுக்குறதுக்கு முன்னால ஈப்போவுல ஒரு ஹோட்டல் கிச்சன்ல இருந்தவ. அங்க இருந்த சீன செஃப் வாயத் தொறந்து எதையும் சொல்லித் தர மாட்டாரு, பக்கத்துல நின்னு பாத்துக்கணும், அவ்ளோதான். அவரு பாஸ்தாவ வடிகூடையில கொட்டி வடிக்க மாட்டாரு, சல்லடை கரண்டில அள்ளி ஈரத்தோட நேரா சாஸ்ல போடுவாரு. பாஸ்தா தண்ணிய மத்தியானம் பூரா வச்சிருப்பாங்க, அதுலயே அடுத்தடுத்து வேகும், நேரம் ஆக ஆக கஞ்சியா கெட்டியாகும், கடைசி ஆர்டர்ல வர்ற சாஸ்தான் நல்லா இருக்கும், சத்தியமா.

உப்பு கணக்கு இத்தாலிக்காரங்க சொல்றது 1, 10, 100. ஒரு லிட்டர் தண்ணி, பத்து கிராம் உப்பு, நூறு கிராம் பாஸ்தா. தூள் உப்புன்னா ரெண்டு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி. சம்பல், சார்டின் மாதிரி ஏற்கனவே உப்பு இருக்க அயிட்டத்துக்கு நான் 6, 7 கிராமோட நிறுத்திக்குவேன், ஏன்னா அந்த தண்ணியையே திரும்ப சாஸ்ல ஊத்தப் போறோம், அந்த உப்பும் சேந்து வரும்ல. ஆனா உப்பே போடாம வேக வச்சிட்டு அப்புறம் சாஸ்ல சரி பண்ணிக்கலாம்னு நெனைக்காதீங்க, மாவுக்குள்ள உப்பு ஏறணும்னா அது தண்ணி குடிக்கிற நேரத்துலதான் ஏறும்.

தண்ணி நல்லா கொதிச்சதும் போட்டு முதல் ரெண்டு நிமிஷம் கிண்டி விடணும், ஒட்டறது எல்லாம் அப்பதான், மேல் மாவு பசை ஆகுற நேரம். அதுக்கப்புறம் அப்பப்ப கிண்டினா போதும். சுருள்ல ஒரு விஷயம் இருக்கு, ஓரத்துல இருக்க இதழ் மெல்லிசு, நடுத்தண்டு தடிப்பு. இதழ் மெத்துன்னு ஆகுறப்ப தண்டு இன்னும் வெந்திருக்காது. அதனால வெளிய தொட்டு பாத்து முடிவு பண்ண கூடாது, ஒண்ண எடுத்து குறுக்க கடிச்சு பாக்கணும். நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி தெரியும். புள்ளி ஊசி முனை அளவுக்கு வந்ததும் எடுத்து சாஸ்ல போட்டுரணும், மிச்ச வேக்காடு சாஸ்ல நடக்கும், அப்பதான் அது தண்ணிக்கு பதிலா சாஸ குடிக்கும். பாக்கெட்டுல பத்து நிமிஷம்னு போட்டிருந்தா எட்டுலேர்ந்தே கடிச்சு பாக்க ஆரம்பிங்க.

தண்ணியில எண்ணெய் வேணாம்.

ஈப்போ லோரி:

எண்ணெய் ஊத்தாம எப்படிக்கா ஒட்டாம இருக்கும், எங்கம்மா ரெண்டு கரண்டி ஊத்துவாங்க

கேண்டீன் அக்கா:

தம்பி, எண்ணெய் தண்ணிக்கு மேல மிதக்குது, பாஸ்தா அடியில கெடக்குது, ரெண்டும் எங்க சந்திக்குது? வடிக்கிறப்பதான். அப்ப போய் மேல பூசிக்கும், அதுக்கப்புறம் எந்த சாஸும் பிடிக்காது. நொரை பொங்கி அடுப்புல ஊத்தறத வேணா கொஞ்சம் கொறைக்கும். அதே மாதிரி வடிச்சதும் பைப்ப தொறந்து கழுவுறது. மேல இருக்க மாவுப்பசைதான் சாஸ பிடிச்சு வைக்கிற சரக்கு, அத கழுவி லோங்காங்ல (சாக்கடையில) விட்டுட்டு சாஸ் ஒட்டலன்னு சொன்னா என்ன பண்றது. சாலட்டுக்கு மட்டும் கழுவலாம், அங்க ஆறணும், தனித்தனியா நிக்கணும்.

சலாக் அண்ணே:

நம்ம கதைய கேளுங்க. எஸ்டேட்ல சம்பளத்துக்கு முன்ன கடைசி வாரம்னா சார்டின் டின்தான், எல்லா வீட்லயும் அதே வாசம். பெரிய வெங்காயம், பச்ச மிளகா, கருவேப்பிலை, டின்ல இருக்க தக்காளி சாஸோட மீன மசிச்சு போட்டு, கடைசில எலுமிச்ச புழியறது. சோத்துக்கும் அதான் ரொட்டிக்கும் அதான். இப்ப என் மவ அத சுருள்ல போடுறா. எனக்கு முதல்ல கேட்டாலே சிரிப்பு வந்துச்சு, மீன் டின்னும் வெள்ளக்காரன் சாப்பாடும் எப்படி சேரும்னு. அப்புறம் அவதான் போன்ல காட்டுனா, சிசிலி தீவுல மத்தி மீன போட்டு பாஸ்தா செய்றது அவங்க ஊரு பழைய சாப்பாடாம், காட்டு பெருஞ்சீரகத் தழை, ஒலர்ந்த திராட்சை, பைன் கொட்டை எல்லாம் போட்டு. மேல பாலாடைக்கட்டிக்கு பதிலா ரொட்டித்தூள வறுத்து தூவுறாங்க. ஏழைங்க வீட்டு வழக்கமாம் அது.

அதுலேர்ந்து நான் ஒண்ணு புடிச்சிக்கிட்டேன், மீன தாளிக்கிறப்ப சோம்பு ஒரு அரை ஸ்பூன் சேக்குறது. நல்லா தூக்கி விடுது. ரொட்டித்தூளும் சரியான ஐடியா, மிச்சமான பங்காளி ரொட்டிய, அந்த தடிச்ச பேக்கரி ரொட்டிதான், கையால உதிர்த்து பூண்டு எண்ணெய்ல பொன்னிறமா வறுத்து வச்சிக்கிறது. சாப்புடுறப்ப மேல போட்டா மொறுமொறுன்னு இருக்கும், அப்புறம் அந்த தூளும் சுருளுக்குள்ள போய் மாட்டிக்கும்.

மீன மசிக்கிறதுதான் முக்கியம், சொல்லிட்டேன். முழு துண்டா விட்டா பாஸ்தா தனி மீன் தனி.

ஓய்வு பெற்ற கிராணி:

வணக்கம். எல்லாரும் குழம்ப பத்தியே பேசுறீங்க, பாக்கெட்ட திருப்பி பின்னாடி படிக்கிறவங்க யாரு? நான் ஆபீஸ்ல கணக்கு எழுதுன ஆளு, படிக்காம எதையும் வாங்க மாட்டேன். ரெண்டு விதம் விக்கிது. ஒண்ணு டூரம் கோதுமை ரவை, டூரம் செமோலினான்னு போட்டிருக்கும், பாக்க மஞ்சள் படிஞ்சு கண்ணாடி மாதிரி உடையும். இன்னொண்ணு வெறும் கோதுமை மாவுன்னு போட்டிருக்கும், அது வெளுப்பா இருக்கும், விலை கம்மி. டூரம்ல புரதம் ஜாஸ்தி, அந்த புரதம் வலை மாதிரி மாவ உள்ள பிடிச்சு வைக்குது, அதனால வெந்தாலும் உருவம் நிக்கும். சாதா மாவுல அந்த பிடிப்பு கம்மி, ரெண்டு நிமிஷம் கூட போனா கொழகொழன்னு ஆகி சுருள் விரிஞ்சி போயிடும். இத்தாலியில 1967லயே சட்டம் போட்டுட்டாங்க, அங்க செய்ற காஞ்ச பாஸ்தா டூரம்லதான் இருக்கணும்னு. நம்ம கடைங்கள்ல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஒரே மாதிரி சுருள், ஒரே மாதிரி படம். ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பண்ணிட்டு அப்புறம் சமைச்ச மருமகள குறை சொல்லாதீங்க.

இன்னொண்ணு, கையில எடுத்து பாத்தீங்கன்னா சிலது வழுவழுன்னு மின்னும், சிலது மாவு பூசுன மாதிரி மங்கலா சொரசொரன்னு இருக்கும். சொரசொரப்பு வெண்கல அச்சுல தள்ளுனது, வழவழப்பு டெஃப்லான் அச்சு. சாஸ் பிடிக்கிறதுக்கு சொரசொரப்புதான் நல்லது. நேப்பிள்ஸ் பக்கத்துல கிராஞ்ஞானோன்னு ஒரு ஊரு, பாஸ்தாவுக்கே பேர் போன ஊரு, 2013லேர்ந்து அதுக்கு ஐரோப்பாவுல புவிசார் குறியீடு இருக்கு, அந்த பேர்ல விக்கிறதுக்கு வெண்கல அச்சு கட்டாயம். என் மகன் கேஎல்லேர்ந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தான். ருசி தெரியுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த காசுக்கு நான் அரிசி வாங்கிடுவேன்.

குழம்புன்னு கேட்டா, எங்க வீட்டுல டால்சா. ஆட்டெலும்பு போட்ட பருப்பு, கத்திரிக்கா, உருளக்கிழங்கு. மறுநாள் அது கெட்டியாகிடும்ல, அப்ப வெந்த சுருள அதுலயே போட்டு சூடு காட்டி சாப்புடுறது. யாராவது சிரிச்சீங்கன்னா ஒரு விஷயம் தெரிஞ்சிக்குங்க, இத்தாலியில கொண்டைக்கடலையோட, காராமணி மாதிரி பீன்ஸோட பாஸ்தா போட்டு செய்றது காலங்காலமா வீட்டு சாப்பாடு. பருப்புலயே மாவு இருக்குறதால தனியா பாஸ்தா தண்ணி கூட தேவையில்ல.

ரிங்லெட் தேயிலை:

கேமரன் மலையிலேர்ந்து ஒரு குரல். நான் பொறந்தது சுங்கை சிப்புட், கட்டிக்கிட்டு வந்தது தேயிலை எஸ்டேட்டுக்கு. அக்கா சொன்ன எட்டு நிமிஷ கணக்கு எல்லாம் இங்க செல்லாது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல, அங்க தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிடும், எவ்ளோ தீ வச்சாலும் அதுக்கு மேல சூடு ஏறாது. எங்க ரிங்லெட் கொஞ்சம் கீழ, இருந்தாலும் பாக்கெட்டுல போட்ட நேரத்த விட கூடத்தான் ஆகும். கீழேர்ந்து வர்ற சொந்தக்காரங்க கடிகாரத்த பாத்து எடுத்துட்டு வேகலியே வேகலியேன்னு பாக்கெட்ட திட்டுவாங்க. கடிச்சு பாக்குறதுதான் எந்த ஊருக்கும் சரி.

ஆனா தக்காளி எங்க ஊருதான். எல்லாரும் கேமரன் தக்காளின்னா சாஸுக்கு ரொம்ப நல்லதுன்னு நெனைப்பாங்க. உள்ள இருக்கவ சொல்றேன், அது சாலட்டுக்கும் ரசத்துக்கும் நல்லா இருக்கும், பாஸ்தா சாஸுக்குன்னா தண்ணி ஜாஸ்தி, சதை கம்மி. அப்படியே வதக்கி சுருள்ல போட்டா சாஸ் ஓடிடும். சுருளோட பள்ளம் இருக்கே, அது பால்மரத்துல வெட்டுற சாய்வு கோடு மாதிரிதான், பாலு கெட்டியா இருந்தா கோட்டுலயே நிக்கும், மழத்தண்ணி கலந்தா வழிஞ்சி கீழ போயிடும். அதனால நான் செய்றது, தக்காளிய ரெண்டா வெட்டி புழிஞ்சி விதை தண்ணிய எடுத்துட்டு (அத ரசத்துல விட்டுக்கலாம்), பூண்டு, எண்ணெய், உப்பு போட்டு அகலமான சட்டியில மூடாம சுண்ட வைக்கிறது. ஆழமான சட்டி வேணாம், ஆவி போகாது. கரண்டியால ஒரு கோடு இழுத்தா அந்த கோடு ஒரு நொடி நிக்கணும், அதான் பக்குவம். நேரம் இல்லாதவங்க தோல் உரிச்ச முழு தக்காளி டின் வாங்குங்க.

தேங்காப்பால் சாஸும் சொல்லிடுறேன். மஞ்சள், செரை (எலுமிச்சம்புல்), இறால் போட்டு லெமாக் (தேங்காப்பால் குழம்பு) மாதிரி செஞ்சு சுருள போட்டா அருமை. புழிஞ்ச பாலுன்னா தளதளன்னு கொதிக்க விடாதீங்க, திரிஞ்சிடும். பாக்கெட் பாலுல திரியாம இருக்க ஏதோ சேத்திருக்காங்க, அது கொஞ்சம் தாங்கும். திரியற மாதிரி தெரிஞ்சா அங்கயும் அதே பாஸ்தா தண்ணி ஒரு கரண்டி. அந்த மாவு எண்ணெயையும் தண்ணியையும் பிரிய விடாது.

ஈப்போ லோரி:

அப்ப எல்லாத்துக்கும் அந்த தண்ணிதானா. ஒரு போத்தல்ல அடச்சி விக்கலாம் போல

வெள்ளிக்கிழமை சைவம்:

நான் ஒண்ணு சொல்லணும், நெறைய பேருக்கு தெரியாது. மேல துருவி போடுற பார்மேசான் சீஸ், நெஜமான இத்தாலி பார்மிஜானோ ரெஜ்ஜானோ, அது சைவம் இல்ல. பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்குற ரென்னெட் போடுறாங்க, அந்த சீஸுக்கு அதுதான் விதியே. தைப்பூச விரதத்துல பாஸ்தா செஞ்சு, கறி இல்ல முட்ட இல்லன்னு சொல்லி மேல அத தூவுற வீடு எனக்கே தெரியும், பாவம் தெரியாமதான். தாவர ரென்னெட், மைக்ரோபியல் ரென்னெட்னு போட்ட சீஸு கெடைக்குது, லேபிள் பாத்து வாங்கிக்கலாம்.

எங்க வீட்டுல சுருளுக்கு பெஸ்டோதான். ஜெனோவா ஊர்ல துளசி சாதிய சேந்த பேசில், பைன் கொட்டை, பூண்டு, சீஸ், ஆலிவ் எண்ணெய் போட்டு உரல்ல இடிப்பாங்க. அவங்களும் அத முறுக்குன சின்ன பாஸ்தாவுலதான் போடுறாங்க, ட்ரோஃபின்னு பேரு. நான் போடுறது கொத்தமல்லி தழை, கொஞ்சம் புதினா, வறுத்த கச்சான் (நிலக்கடலை), ஒரு பச்ச மிளகா, ரெண்டு பல் பூண்டு, நல்லெண்ணெய் வேணாம் அது தூக்கலா அடிக்கும், கடலை எண்ணெய் போதும். அம்மியில அரைச்சா நல்லது, மிக்ஸின்னா விட்டு விட்டு ஓட்டணும், சூடாகி கறுத்து போகாம. இது சட்னிதானேன்னு கேப்பீங்க. சட்னிதான். ஆனா தேங்கா போடல, அப்புறம் இத அடுப்புல வைக்கவே கூடாது, வச்சா பச்ச நெறமும் வாசமும் போயிடும். ஒரு பெரிய கிண்ணத்துல பெஸ்டோவ போட்டு, சூடா வெந்த தண்ணி ரெண்டு ஸ்பூன் விட்டு கரைச்சிட்டு, அப்புறம் சுருள போட்டு பிரட்டணும். இந்த ஒரு சாஸுக்கு மட்டும் பாஸ்தாவ முழுசா வேக வச்சே எடுக்கணும், ஏன்னா அப்புறம் வேகுறதுக்கு அடுப்பு கெடையாது.

நைட் ஷிப்ட்:

எல்லாரும் மறந்துட்டீங்க, நம்ம நாட்டு அசல் அயிட்டம் மக்கரோனி கோரெங், அதான் பெரட்டுன மக்கரோனி. மில்லு கேண்டீன்ல மாக்சிக் (மலாய்க்கார அம்மா) போடுவாங்க பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு, முட்ட, சாவி கீரை, கிச்சாப் (சோயா சாஸ்), சீலி போ (மிளகா விழுது), கோழி கொஞ்சம். அதுல இந்த தண்ணி கதை எல்லாம் நேர் தலகீழ். மாக்சிக் பாஸ்தாவ சாயங்காலமே அரைவேக்காட்டுக்கு மேல வேக வச்சு வடிச்சு, எண்ணெய் கொஞ்சம் பிரட்டி, அகல தட்டுல பரப்பி ஃபேன்ல காய விட்டுட்டு கிச்சன் குளிர்பெட்டியில வச்சிருவாங்க. ஆர்டர் வந்ததும் பெரிய தீ, குவாலி புகையற சூடு, அப்ப போட்டா ஓரம் எல்லாம் லேசா கருகி மீ கோரெங் வாசம் வரும். ஈரமா போட்டா ஆவி பறந்து கஞ்சியாகிடும், கருகவே கருகாது. சுருள்தான் இதுக்கு பெஸ்ட், முட்ட உதிரி எல்லாம் பள்ளத்துல போய் ஒட்டிக்கும், எல்போ மக்கரோனில அது வராது.

அப்புறம் கேஸ் விஷயம். 2022ல ஐரோப்பாவுல கேஸ் விலை ஏறுனப்ப ஜோர்ஜோ பாரிசின்னு ஒரு இத்தாலி விஞ்ஞானி, அதுக்கு முந்துன வருஷம் இயற்பியலுக்கு நோபல் வாங்குனவரு, பாஸ்தா போட்டு தண்ணி திரும்ப கொதிச்சதும் மூடிய போட்டு அடுப்ப அணைச்சிடலாம்னு ஒரு யோசனைய பகிர்ந்தாரு. அங்க இருக்க செஃபுங்க சும்மா விடல, ரப்பர் மாதிரி ஆகிடும்னு ஒரே சண்ட. நான் வீட்டுல செஞ்சு பாத்தேன், வேகுது. மாவு வேகுறதுக்கு நூறு டிகிரி தேவையே இல்ல, எண்பது இருந்தாலே போதும். தடிச்ச சட்டி, இறுக்கமான மூடி, தண்ணி நெறைய இருக்கணும், நேரம் ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் கூட. முதல் ரெண்டு நிமிஷம் தீயோட கிண்டிட்டு அப்புறம் அணைங்க, இல்லன்னா அடியில கட்டியா ஒட்டிக்கும். 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) நமக்கு 26 வெள்ளி 60 காசுதான், அதனால பெருசா மிச்சம்னு சொல்ல மாட்டேன், ஆனா கிச்சன் சூடு கொறையுது. மத்தியானம் தகர கூரைக்கு அடியில நின்னு சமைக்கிறவங்களுக்கு அது தெரியும்.

சலாக் அண்ணே:

தம்பி, ரப்பர் ஆகுதோ இல்லியோ ரப்பர் எஸ்டேட்ல பொறந்த நமக்கு என்ன பயம் 😄

கித்தாக்காட்டு பொண்ணு:

அண்ணே 😂

சரி, கறி பத்தி யாரும் பேசலியே. பொலோனீஸ்னா மாட்டுக்கறி, எங்க வீட்டுல அது வராது. ஆட்டுக்கறி வருவல் மிச்சம் இருந்தா என்ன பண்றீங்க? கோழி பெரட்டல்?

கேண்டீன் அக்கா:

எலும்போட இருக்க துண்டு எதுவுமே சுருளுக்கு சேராதும்மா. முள்ளுக்கரண்டில பாஸ்தா வரும், கறி தட்டுல நிக்கும், அப்புறம் கையால எடுத்து கடிக்கணும். பள்ளத்துல உக்காரணும்னா கறி பட்டாணிய விட சின்னதா இருக்கணும், அதான் கொத்துக்கறி. வருவல் மிச்சம்னா எலும்ப எடுத்துட்டு கத்தில கொத்தி, தக்காளி ஒண்ணு சேத்து, தண்ணி விட்டு திரும்ப கொதிக்க வைங்க. வருவல்ல தண்ணியே இருக்காது, எண்ணெயும் மசாலாவும்தான், அப்படியே பிரட்டுனா காஞ்ச மண்ணு திங்கிற மாதிரிதான் இருக்கும்.

புதுசா செய்றதுன்னா ஆட்டு கீமா. பட்டை கிராம்பு கம்மியா போடுங்க. நான் கறி மசாலா தூளு வழக்கமா போடுறதுல பாதிதான் போடுவேன், ஏன்னா சோறுன்னா ஒரு பிடி சோத்துக்கு கொஞ்சூண்டு குழம்பு, பாஸ்தாவுல ஒவ்வொரு வாய்க்கும் சாஸ் பூசி வருது, அதே காரம் போட்டா நாலாவது வாய்ல நாக்கு எரியும். பொலோனீஸ்காரங்க கேரட், செலரி, வெங்காயம் பொடியா நறுக்கி மெதுவா வதக்குறாங்க, பாலும் சேப்பாங்க. நான் கேரட்டும் வெங்காயமும் போடுறேன், செலரிக்கு பதிலா சீன செலரி தண்டு, இங்க பாசார்ல ஈசியா கெடைக்கும். பாலுக்கு பதிலா கெட்டி தேங்காப்பால் ரெண்டு ஸ்பூன். சிம்ல ஒரு மணி நேரம் கெடக்கட்டும். எண்ணெய் பிரிஞ்சி வந்தா பயப்படாதீங்க, அது தண்ணி சுண்டி மசாலா வெந்ததுக்கு அடையாளம், கடைசில பாஸ்தா தண்ணி ஊத்தி ஆட்டுறப்ப சேந்துரும்.

சீஸ் போடறவங்க தீய அணைச்சிட்டு போடுங்க. கொதிக்கிறதுல போட்டா கம்பியா கட்டிக்கும்.

தாதி வேலை:

குறுக்க வர்றேன், மன்னிச்சிக்குங்க. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புல பெரிய தட்டுல சுருள் செஞ்சு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மேசையில வச்சிருப்பாங்க, சுட வச்சா சரியாகிடும்னு மறுநாளும் ஓடும். சோறு, மீ, பாஸ்தா மூணுலயும் பேசில்லஸ் செரியஸ்னு ஒரு கிருமி வளரும், அது விடுற ஒரு விஷம் சுட வச்சாலும் அழியாது. பெல்ஜியத்துல 2008ல இருபது வயசு மாணவர் ஒருத்தர் அஞ்சு நாள் வெளிய இருந்த ஸ்பெகட்டிய சூடு பண்ணி சாப்பிட்டு இறந்தே போனாரு, மருத்துவ இதழ்லயே வந்த கேஸ் அது. அது ரொம்ப அபூர்வம், ஆனா வாந்தி வயித்துப்போக்கு அபூர்வமே இல்ல, பண்டிகைக்கு மறுநாள் கிளினிக்ல வந்து பாருங்க. நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃபிரிட்ஜுக்கு போயிடணும், ஆழமா அடுக்காம சின்ன சின்ன டப்பாவா பிரிச்சு.

இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) உள்ளவங்களும் கேக்குறீங்க, சாப்பிடலாமான்னு. டூரம் பாஸ்தா கொழைய விடாம வேக வச்சா வெள்ள சோத்த விட ரத்தத்துல சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். அதுக்காக ஒரு தட்டு மலையா போட்டுக்காதீங்க, காஞ்சதுல ஒரு ஆளுக்கு 80 கிராம் போதும், மிச்சத்துக்கு காய்கறி.

ஓய்வு பெற்ற கிராணி:

தாதி அம்மா, 80 கிராம்னா எவ்ளோ? எங்க வீட்டுல தராசு இல்ல.

தாதி வேலை:

500 கிராம் பாக்கெட்ட ஆறு பங்கா போடுங்க ஐயா, கிட்டத்தட்ட அதான்.

ஈப்போ லோரி:

நேத்து அம்மாகிட்ட எண்ணெய் ஊத்தாதீங்கன்னு சொன்னேன். நீ லோரி ஓட்டு நான் சமைக்கிறேன்னுட்டாங்க. ஆனா ரெண்டாவது தடவ தண்ணிய முழுசா கொட்டல, ஒரு குவளையில எடுத்து வச்சிருந்தாங்க, நான் ஒண்ணும் கேக்கல. சார்டின்தான், சலாக் அண்ணே சொன்ன சோம்பு போட்டு. அண்ணே அந்த ரொட்டித்தூளுக்கு பங்காளி ரொட்டி கெடைக்கல, சாதா ரொட்டி ஓரத்த வறுத்தா ஆகுமா?

சலாக் அண்ணே:

ஆகும் தம்பி. வெயில்ல ஒரு மணி நேரம் காய வச்சிட்டு வறு, இல்லன்னா எண்ணெய் குடிச்சிடும்.